நாலு சக்கர இழுவையும் கெட்டி ஸ்பிரிங்கும்

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு சுலபமானது. கார் ஓட்டுவது என் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது நான்.

இது அவள் வேன் ஓட்டிய காலத்திலேயே தொடங்கிய ஏற்பாடு. ஜொகூரில், ரெங்கம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இருந்த பெண் பிள்ளைகளை விடியுமுன் ஏற்றிக்கொண்டு போய் பத்து பாகாட்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்றிவர வேண்டும். நான் அதே தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தேன். பின்னால் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். ஓட்டுகிறவளுக்கும் தூக்கம் வந்துவிடக் கூடாதே. "ஏதாச்சும் பேசிக்கிட்டு வாங்க. நல்லதா இருக்கணும்னு இல்ல, நிக்காம இருந்தா போதும்" என்பாள். அப்படித் திறந்த வாய்தான் இது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து, மனிதர்கள் சொன்னதை அவளிடம் திரும்பச் சொல்லிச் சொல்லிப் படித்ததுதான்.

எனக்கும் லைசன்ஸ் உண்டு. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். "நீங்க ஓட்டுனா காடி ஓடல, பயந்துக்கிட்டு நகருது" என்று அவள் சொன்ன பிறகு எனக்கும் அந்த வேலை எதற்கு என்று ஆகிவிட்டது. கோயில் கமிட்டிக்காரர்கள் என்னைக் கண்டால் விடமாட்டார்கள். "என்ன தலைவரே, சம்சாரம் ஓட்ட, நீங்க சாமி மாதிரி பக்கத்துல உக்காந்து வர்றீங்க. மாலை ஒண்ணுதான் பாக்கி." நானும் சிரித்துக்கொள்வேன். கேலி செய்கிறவர்கள் ஓட்டும் காரில் நான் ஏறியிருக்கிறேன். அவர்கள் பிரேக் போட்டால் குடல் முன்னால் போய்விட்டுத் திரும்பி வரும். அவள் பிரேக் போடுவது தெரியாது. கார் நின்றுவிட்டது என்பது வெளியே செம்பனை மரங்கள் நின்ற பிறகுதான் தெரியும். பிள்ளைகள் விழித்துவிடக் கூடாது என்று பழகிய கால் அது. எப்போதும் வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். சிலிப்பர் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

தொழிற்சாலை ஆள் குறைத்தது, வேனும் போனது. வீட்டுக்கு என்று இருந்த சின்னக் காரும் ஓடி ஓடி ஓய்ந்துவிட்ட பிறகு அவள் ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த காடி எனக்குப் பிடிச்சதா வாங்கப் போறேன். இத்தன வருஷமும் தூங்குற பிள்ளைங்களுக்காக ஓட்டுனேன். ஒரு கோனர், ஒரு வளைவ கூட என் இஷ்டத்துக்கு எடுத்தது கிடையாது. இனிமே எனக்காக ஓட்டணும்."

அவள் தனக்காக என்று எதையும் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

இங்கே ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மற்றதெல்லாம் விளங்காது. அந்தச் சமயத்தில் அவளுடைய பாதங்கள் இரண்டும் உணர்வு செத்துக்கொண்டிருந்தன. சர்க்கரை வியாதிதான், எங்கள் பக்கம் இனிப்பு நீர் என்போம். அது இல்லாத வீடு குறைவு என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவளுக்கும் இருந்தது, மாத்திரை போட்டாள், கோப்பியில் சீனியை நிறுத்தினாள், அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அது சத்தமில்லாமல் காலுக்குள் இறங்கித் தின்றுகொண்டிருந்தது அவளுக்கு மட்டும் தெரியும். எங்களுக்குச் சொன்னால் கார் சாவியை வாங்கிக்கொள்வோம் என்றும் தெரியும். வாங்கித்தான் இருப்போம். ஆகையால் கார் கடையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஒன்று, அவள் தேடிக்கொண்டிருந்தது வேறொன்று.

க்ளுவாங்கில் பழைய கார் விற்கும் சீனர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர், ஆகவே தமிழ் அவருக்கு எங்களைப் போலவே வரும், சில சமயம் எங்களை விடச் சுருக்காக வரும். இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். ஒரே ரகம். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். விலையிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

"அக்கா, ரெண்டும் ஒரே தாய் பெத்த பிள்ளைங்க" என்றார். "மூஞ்சி ஒண்ணு, கொணம் வேற. வெள்ளைக்கு ஆல் வீல். நாலு சக்கரமும் இழுக்கும். மழை, செம்மண்ணு, தோட்டத்து ரோடு, எதுலயும் வழுக்காது. மெத்து மெத்துன்னு போகும். சாம்பலுக்கு முன் சக்கரம் மட்டுந்தான் இழுக்கும். ஆனா ஸ்போர்ட் சஸ்பென்ஷன். ஸ்பிரிங் கெட்டி, அப்சோபர் கெட்டி, தரையோட ஒட்டி உக்காரும். கோனர்ல சாயாது."

"ஓட்டுறதுக்கு எது சுகம்?" என்று நான் கேட்டேன்.

"அண்ணே, நீங்களா ஓட்டப் போறீங்க?"

"இல்ல."

"அப்போ அக்கா கேக்கட்டும் லா."

மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள், ஜொகூர் பாருவில் தங்கி தினமும் எல்லைப் பாலத்தைக் கடக்கிறவள். கைப்பேசியில் அவளைப் பிடித்து, கடைக்கே கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஆல் வீல் எடுங்கம்மா. மழைக்கு சேஃப். சின்னம்மா வீட்டுக்கு சிகாமட் போறப்ப வெள்ளம் வந்துச்சுன்னா என்ன செய்வீங்க?"

"வெள்ளம் வந்தா நாலு சக்கரமும் ஒண்ணா முங்கும், அவ்ளோதான்" என்றார் தவுக்கே.

"யாருப்பா அது?"

"காடி விக்கிறவரு" என்றேன்.

"விக்கிறவரு மாதிரி பேசலியே."

முதலில் வெள்ளையை எடுத்தோம். க்ளுவாங்கிலிருந்து ரெங்கம் போகும் சாலையில் செம்பனைத் தோப்புகளுக்கு நடுவே வளைவுகள் உண்டு. லோரிகள் பழம் ஏற்றி ஏற்றி ஓரம் நொறுங்கிப்போன சாலை. நான் பக்கத்தில், தவுக்கே பின்னால். முந்திய இரவு பெய்த மழையில் ஓர் இடத்தில் மண் வழிந்து சாலையில் கிடந்தது. வேறு கார் என்றால் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியிருக்கும். வெள்ளை அதை மிதித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியவே இல்லை. கார் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. கோப்பியை மடியில் வைத்துக் குடிக்கலாம்.

"எப்படிம்மா?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல" என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தவுக்கேயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். "அதான் அக்கா இதோட கொணம்" என்றார் பின்னாலிருந்து. அவள் சந்திப்பில் நிறுத்துமுன் தலையைக் குனிந்து காலடியைப் பார்த்தாள். புதுக் கார், பிரேக் எங்கே என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு சாம்பல். ஏறி உட்கார்ந்ததுமே தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. கடை வாசலைத் தாண்டும்போது வடிகால் மூடியில் ஏறி இறங்கியதில் பல் தட்டியது. அதே சாலை, அதே வளைவுகள். ஆனால் அவள் வேறு ஆளாகிவிட்டாள். முதுகைச் சீட்டில் நன்றாக அழுத்தி, தோளைத் தளர்த்தி உட்கார்ந்தாள். முதல் வளைவில் கார் சாயவில்லை. தண்டவாளத்தில் போகிற மாதிரி திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க ஒட்டுப் போட்டிருக்கான்" என்றாள். "இங்க தண்ணிக் குழாய்க்குத் தோண்டி மூடியிருக்கான். இங்க லோரி பிரேக் அடிச்சு தார மடிச்சு விட்டிருக்கு." பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் என் முதுகெலும்பிலும் ஏறியது என்பதால் அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. எனக்கு அது தொல்லை. அவளுக்கு அது ஏதோ தொலைந்துபோன ஆள் திரும்ப வந்து பேசுகிற மாதிரி.

தவுக்கே முன்னால் எட்டி என் காதில் சொன்னார்: "அண்ணே, முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போய் சண்டை போட வேணாம்."

சண்டை வீடு வரைக்கும் போகவில்லை, கோப்பிக்கடையிலேயே நடந்தது. நான் மழையைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், என் இடுப்பைச் சொன்னேன், மகள் சொன்னதைச் சொன்னேன். அவள் சீனி போடாத கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளைக் காடி நல்ல காடிதான். ஆனா ரோட்டுக்கும் எனக்கும் நடுவுல யாரோ மெத்தைய போட்டு வெச்ச மாதிரி இருக்கு. நான் கேட்டா அது பதில் சொல்ல மாட்டேங்குது."

"பதில் எதுக்கும்மா? போனா போதாதா?"

"உங்களுக்குப் போதும். நீங்க பேசிக்கிட்டே வர்ற ஆளு. எனக்கு யாராச்சும் சொல்லணும்."

அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்தது. பிறகு பலரிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பேசுகிற புருஷன் பக்கத்தில் இருந்தும் பேசுகிற கார் வேறு வேண்டுமாம் என்று.

சாம்பல் கார் வந்தது.

எங்கள் வழக்கத்தில் கார் வாங்கினால் பூசை போடாமல் ஓட்டுவதில்லை. பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை முடிந்ததும் வைத்துக்கொண்டோம். காரைக் கோயில் முன்னால் தார் போட்ட திடலில் நிறுத்தச் சொன்னார் குருக்கள். முன்கண்ணாடியில் மூன்று பட்டை, நடுவே சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். சூடத்தைத் தாம்பாளத்தில் ஏற்றி, ஓட்டப்போகிறவர் கையில் கொடுத்துக் காரைச் சுற்றிவரச் சொன்னார். கமிட்டிக்காரர் ஒருவர், "அப்போ அண்ணனுக்கு இங்க வேலை இல்ல, நிழல்ல வந்து நில்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கோயில் திடல் என்றால் செருப்பு கிடையாது. வெயில் எப்படி இருந்தது என்றால், தார் பளபளவென்று ஈரமாகத் தெரிந்தது. நான் காலை வைத்ததும் எடுத்துவிட்டேன். பிறகு அந்தக் காலுக்கு இந்தக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தேன். பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள். குருக்களே ஒரு கையால் மணி ஆட்டிக்கொண்டு இன்னொரு கையால் வாளித் தண்ணீரைத் தன் காலடியில் ஊற்றிக்கொண்டார். அவள் மட்டும் நிதானமாகச் சுற்றினாள். காரின் முன்னால் வந்து நின்று, மந்திரம் முடியும்வரை தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றாள். மந்திரம் நீளமானது.

முதலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். மண்டபத்தில் இருந்த ஓர் அம்மாள் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஆத்தா மனசு வெக்காம இப்படி நிக்க முடியாது. நாமெல்லாம் கோழி மாதிரி குதிக்கிறோம், பாருங்க."

"இவங்கள தீமிதிக்கு எழுதிக்கலாம் போலிருக்கே" என்றார் கமிட்டிக்காரர், இந்த முறை கேலி இல்லாமல்.

"எங்க வீட்டம்மா அப்படித்தான்" என்றேன் நான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிழலில் நின்றுகொண்டு பெருமைப்பட்டேன்.

பூசை முடிந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் ஏறினேன். எலுமிச்சம்பழங்கள் சக்கரத்துக்கடியில் நசுங்கிய சத்தம் அந்தக் காரில் தெளிவாகக் கேட்டது. வாசலைத் தாண்டியதும், "வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"மெர்சிங் ரோட்டுக்கு" என்றாள்.

க்ளுவாங்கைத் தாண்டி, காஹாங் வழியாகக் கடலுக்குப் போகும் சாலை அது. ஜொகூரில் வளைவுகளுக்காகவே ஓட்டுகிறவர்கள் போகிற சாலை. வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் படையாகப் போவார்கள். இரண்டு பக்கமும் தோட்டம், பிறகு காடு, யானை கடக்கும் இடம் என்று பலகை, மேடு, இறக்கம், மேட்டின் உச்சியிலேயே ஒரு வளைவு. வேனில் அவள் அங்கே போனதே இல்லை. வேன் போகிற வழி நேர்மாறான திசை.

அந்த ஓட்டத்தை நான் எப்படிச் சொல்வது. வேகம் என்று சொல்ல முடியாது, அவள் வரம்பு மீறவில்லை. வளைவு வருமுன்பே காரைத் தயார் செய்துவிடுவாள். உள்ளே நுழையும்போது ஒரே கையசைவு. வெளியே வரும்போது கார் தானே நிமிர்ந்து ஓடும். திருத்தம் கிடையாது, தடுமாற்றம் கிடையாது. நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எங்கள் மகள் பிறந்த அன்று கூட அவள் களைப்பாகத்தான் இருந்தாள். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

காஹாங் தாண்டிச் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் நிறுத்தினாள். இளநீர் குடிக்கலாம் என்றேன். அவள் சீட்டுக்கு அடியில் சிலிப்பரைத் தேடிக் குனிந்தாள், கிடைக்கவில்லை. நான் இறங்கி அவள் பக்கம் போய்க் கதவைத் திறந்து எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

பிரேக் மிதி ஈரமாக இருந்தது. எண்ணெய் கசிகிறது போல என்று விரலால் தொட்டேன். எண்ணெய் இல்லை. மிதியின் ரப்பர் வரிகளில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையைப் போல, மெல்லிசாக, சுருண்டு.

அவள் காலைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். சில உடைந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மற்ற காலும் அப்படியே. அவள் குனிந்து பார்த்தாள். யாரோ வேறு ஒருவரின் காலைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தாள்.

"வலிக்கலியா?"

"இல்ல."

"கொஞ்சங் கூடவா?"

"அதான் இல்லேன்னு சொல்றேன்ல."

நான் தார் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பெண் இளநீரை வெட்டி எடுத்துவந்து, எங்களைப் பார்த்துவிட்டு, பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"தீவாளிக்கு முன்ன."

"போன தீவாளியா?"

"அதுக்கு முந்துன தீவாளி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயரவில்லை, அழவில்லை. முதலில் விரல்களில் உணர்வு போனதாம். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்ததாம். கால் பிரேக்கில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பதே தெரியாமல் போனதும், ஒவ்வொரு சந்திப்பிலும் கண்ணால் பார்த்து வைக்கப் பழகினாளாம். கண் ரோட்டிலும் இருக்க வேண்டுமே. அதனால் முதுகைப் பழக்கினாளாம். கார் அடங்குகிறதா, எவ்வளவு அடங்குகிறது என்பதை முதுகாலும் இடுப்பாலும் வாங்கி, காலுக்குச் சொல்வது.

"வெள்ளைக் காடில எல்லாம் மெத்தைக்கு அந்தப் பக்கம் நடக்குது. நான் மிதிச்சேனா இல்லையான்னு காடி நின்னப்புறந்தான் தெரியுது. இது மிதிச்சதும் சொல்லுது. இது இருந்தா இன்னும் கொஞ்ச நாளு ஓட்டலாம்னு நெனச்சேன்."

"கோயில்ல ஏன் நின்ன? எல்லாரும் ஓடுறாங்க, பாத்தீல்ல?"

"பாத்தேன். சுடுது போலன்னு தெரிஞ்சுது. நானும் குதிக்கலாமான்னு யோசிச்சேன். எந்நேரம் குதிக்கணும், எவ்வளவு குதிக்கணும்னு தெரியல." சற்று நின்று சொன்னாள்: "அதுக்குள்ள அவங்க கும்பிட்டுட்டாங்க. கும்பிட்டப்புறம் எப்படி நகர்றது?"

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். கடைக்காரப் பெண் கொடுத்த துண்டை நனைத்து அவள் காலில் சுற்றியிருந்தோம். தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது எனக்கு. ஒவ்வொரு வளைவிலும் பிந்திப் பிரேக் போட்டு, நடுவில் திருத்தி, அந்தக் காரை அலைக்கழித்தேன். ஒட்டு, குழி, மடிந்த தார், எல்லாவற்றையும் கார் எனக்கும் சொல்லிக்கொண்டே வந்தது. கேட்க எனக்கு விருப்பமில்லை. அவள் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அது பயமாக இருந்தது.

நேராக மருத்துவமனைக்குத்தான் போனோம். மருத்துவர் இளம் வயதுக்காரர், மலாய்க்காரர், பொறுமையாகப் பேசினார். நரம்பு செத்த காலில் புண் ஆறுவது கடினம் என்றார், பார்க்கலாம் என்றார். பார்த்தார்கள். இடது பாதம் மெல்ல மெல்லத் தேறியது. வலது கால் தேறவில்லை. கருத்தது, நாற்றம் வந்தது, விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். பிரேக் மிதித்த கால், ஆக்ஸிலேட்டர் மிதித்த கால். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பாத கால்.

மகள் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தாள். மருத்துவமனை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்கே ஆல் வீல் வாங்குங்கன்னு சொன்னேனே. கேட்டீங்களாப்பா?"

"வெள்ளைய வாங்கியிருந்தாலும் பூசை போட்டிருப்போம்மா" என்றேன்.

அவளுக்கும் அது தெரியும். யாரையாவது, எதையாவது கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

கோயிலிலிருந்தும் வந்தார்கள். அன்று கும்பிட்ட அம்மாள் திருநீறு கொண்டுவந்து அவள் நெற்றியில் பூசிவிட்டு, "இவ்வளவு பக்தி இருக்கிறவங்களத்தான் ஆத்தா சோதிக்கிறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமிட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தலைவரே என்று அவர் என்னைக் கூப்பிடுவதே நின்றுபோனது. அவர்கள் போன பிறகு நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவங்ககிட்ட சொல்லாதீங்க. பக்தின்னே இருந்துட்டுப் போகட்டும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். அதை மட்டும் காப்பாற்றினேன், இன்றுவரை கோயிலில் யாருக்கும் தெரியாது.

தவுக்கே வந்தபோது சீனி இல்லாத பிஸ்கட் டப்பா கொண்டுவந்தார். கையால் இயக்குகிற மாதிரி பிரேக், ஆக்ஸிலேட்டர் மாற்றிக்கொடுக்கிற பட்டறை இருக்கிறது, அப்படி மாற்றி ஓட்டுகிறவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லாமல் கண்ணைச் சோதிக்க அனுப்பினார். கண்ணுக்குப் பின்னாலும் இனிப்பு நீர் வேலையைத் தொடங்கியிருந்தது. ஓட்டுவது சரிவராது என்றார். அவள் வெளியே வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, "தவுக்கேகிட்ட பட்டறை வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

புண்ணைக் கட்ட ரெங்கத்திலிருந்து க்ளுவாங்குக்கு அடிக்கடி போகவேண்டியிருந்தது. சாம்பல் காரில்தான் போனோம், நான்தான் ஓட்டினேன். அப்போதுதான் புதிதாக ஒன்று தொடங்கியது. கார் ஒட்டுப்போட்ட இடத்தில் ஏறினால் அவள் வாயைக் கடித்துக்கொண்டு சீட்டைப் பிடிப்பாள். வெட்டிய இடம் வலிக்கிறது என்று நினைத்தேன்.

"அங்க இல்ல" என்றாள். "பாதத்துல. சுண்டு விரல்ல. தீய மிதிச்ச மாதிரி எரியுது."

"எந்தப் பாதத்துல?"

"இல்லாத பாதத்துல."

இருந்தபோது வெந்ததைக் கூடச் சொல்லாத கால், போன பிறகு ஒவ்வொரு குழியையும் சொன்னது. அப்படி நடக்கும், நரம்பு மறக்க நாளாகும் என்றார் மருத்துவர். நான் குழிகளை எல்லாம் மனப்பாடம் செய்தேன். அவள் அன்று பாட்டு மாதிரிச் சொன்ன அதே ஒட்டு, அதே தண்ணீர்க் குழாய், அதே மடிந்த தார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் கெட்டி ஸ்பிரிங் விடவில்லை. பின்னால் வரும் லோரிகள் ஹாரன் அடித்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், நெற்றியில் வேர்வை.

ஒருநாள் அவளே சொன்னாள்: "அந்த வெள்ளைக் காடி இன்னும் இருக்கான்னு கேளுங்க."

இருந்தது. தவுக்கே மறுபேச்சு பேசவில்லை. மாற்றிக்கொள்ள அவர் கடைக்குப் போன அன்று, நான் சாமான்களை வெள்ளைக் காருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். குடை, துண்டு, பிள்ளையார் படம். சீட்டுக்கு அடியில் அவள் சிலிப்பர் ஜோடியாகக் கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னை ஒரு தடவ அந்தப் பக்கம் உக்கார வைங்க" என்றாள்.

நானும் தவுக்கேயும் தூக்கிச் சாம்பல் காரின் ஓட்டுநர் சீட்டில் வைத்தோம். இஞ்சினைப் போடச் சொன்னாள். தவுக்கே சாவியைத் திருப்பிவிட்டு, வேறெங்கோ வேலை இருக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். ஸ்டியரிங்கில் கையை வைத்து, முதுகைச் சீட்டில் அழுத்தி, முன்னால் இருந்த கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் நடுக்கம் அந்தக் காரில் நன்றாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

"போதும்" என்றாள். பிறகு தவுக்கேயைக் கூப்பிட்டாள். "இத ஆளுங்கள ஏத்துற ஆளுக்கு விக்காத. ஒத்தையா ஓட்டுறவனுக்குக் குடு."

"சரி அக்கா" என்றார் தவுக்கே. இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டார்.

வெள்ளைக் காரை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். ரெங்கம் சாலையில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க வெள்ளையாக ஊற்றியது. சிவப்புத் தண்ணீர் சாலையைக் குறுக்கே வெட்டி ஓடியது. நாலு சக்கரமும் இழுத்தன, கார் கொஞ்சமும் வழுக்கவில்லை. மகள் சொன்னது முழுக்கச் சரி. முதல் ஒட்டு வந்தது. கையை இறுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தேன். கார் மெத்தென்று ஏறி இறங்கியது.

"எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல" என்றாள்.

தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா, சும்மா மூடியிருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் ஏதோ பேச வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். முன்னால் வளைவு வந்தது. அவள் எப்படிச் செய்வாள் என்று நினைத்துப் பார்த்து, வெகு முன்னாலேயே காலை எடுத்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமல் மிதித்தேன்.